கரைதொட்டுச் செல்லும் தோணி

உரைநடை உலகம்

நுழையும்முன்

நெடுந்தொலைவு செல்லும் கப்பல்களைப் பற்றி வரலாறு நிறையப் பேசுகிறது. ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்கு மக்களையும் உப்பையும் விறகையும் ஏற்றிச்சென்ற சிறு தோணிகளைப் பற்றி அது பேசுவது குறைவு. ஆயினும் கடற்கரை ஊர்களின் அன்றாட வாழ்வு அத்தோணிகளைச் சார்ந்தே இருந்தது. செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியில் ஏறத்தாழ நூறாண்டுகள் தோணிகள் ஓடிய பக்கிங்காம் கால்வாயின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது. அது யாருடைய உழைப்பால் உருவானது, எவ்வாறு பயன்பட்டது, ஏன் ஓய்ந்தது, இன்று நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது என்பவற்றை அறிவோம்.

துறை என்னும் சொல்

தமிழில் 'துறை' என்னும் சொல் பொருள்வளம் மிக்கது. நீரில் இறங்கும் இடம் துறை. ஓடம் வந்து நிற்கும் இடமும் துறை. கலங்கள் தங்குமிடம் துறைமுகம். அகப்பொருள், புறப்பொருள் இலக்கணங்களில் திணையின் உட்பிரிவும் துறை எனப்படும். கல்வியின் பிரிவையும் அரசு நிருவாகத்தின் பிரிவையும் இன்று நாம் துறை என்றே வழங்குகிறோம். பரந்த நீர்ப்பரப்பினுள் ஒருவர் தமக்குரிய வழியே இறங்குவதற்கு அமைந்த இடம் என்னும் அடிப்படைப் பொருள் இவ்வழக்குகள் அனைத்திலும் தொடர்வதைக் காணலாம்.

துறை இருந்தால் ஓடம் இருக்கும். ஓடம் இருந்தால் அதற்குக் கூலியும் இருக்கும். 'ஓடக்கூலி' என்னும் சொல் சோழர்காலக் கல்வெட்டுகளில் இடம்பெற்றுள்ளது. ஆற்றைக் கடத்திவிடுதல் ஊர்ப்பொதுவான பணியாகவும் வருவாய்தரும் தொழிலாகவும் விளங்கியதை இச்சொல் உணர்த்துகிறது.

பாலாற்றுக்குத் தெற்கே அமைந்துள்ள படாளம் போன்ற ஊர்களின் மக்களுக்கு இது எளிதில் விளங்கும். கருநாடக மாநிலத்தின் நந்தி மலைப்பகுதியில் தோன்றும் பாலாறு, செங்கல்பட்டைக் கடந்து வயலூர் அருகே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும் இவ்வாற்றில் வெள்ளம் வரும்போது, இரு கரைகளும் இருவேறு நாடுகளைப்போல் ஆகிவிடும். பாலங்கள் எழுவதற்கு முன் அந்நாள்களில் இரு கரையையும் இணைப்பதற்குக் கலங்களை விட்டால் வேறு வழியில்லை.

சங்க காலத்துச் சிறுகலங்கள்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பத்துப்பாட்டு நூல்கள் இரண்டு. ஒன்று பட்டினப்பாலை, மற்றொன்று பெரும்பாணாற்றுப்படை. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் பெருவாணிகத்தைப் பாடுகிறது. கடல்கடந்து வந்த பொருள்களைப் பாடும் அந்நூலே, உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றுத் திரும்பிய 'பஃறி' என்னும் சிறுபடகுகளையும் பாடுகிறது. குதிரைகளை வரிசையாகக் கட்டிவைத்தாற்போல அப்படகுகள் கழிக்கரையில் பிணிக்கப்பட்டிருந்த காட்சியைப் புலவர் காட்டுகிறார். பேரரசின் செல்வத்தைக் கூறவந்த புலவர், உப்பும் நெல்லும் மாறிய உள்நாட்டு நீர்வழியையும் அச்செல்வத்தின் ஒரு கூறாகக் கருதினார் என்பது நோக்கத்தக்கது.

பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அது நீர்ப்பெயற்று என்னும் கடற்கரைப் பட்டினத்தையும், இரவில் கலங்களுக்கு வழிகாட்டிய உயர்ந்த விளக்கையும் காட்டுகிறது. இப்பட்டினம் மாமல்லபுரம் பகுதியில் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பாலாற்றின் முகத்துவாரத்திற்கு அருகிலுள்ள வசவசமுத்திரத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை மேற்கொண்ட அகழாய்வில், உரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த பகுதிகள் கிடைத்தன. தொண்டை நாட்டுக் கடற்கரை, கடல்வாணிகத்தில் பங்குகொண்டிருந்ததற்கு இவை சான்றாகும்.

பொது ஆண்டு முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'எரித்ரேயக் கடற்செலவு' என்னும் நூல் மற்றொரு செய்தியைத் தருகிறது. தமிழகத்தின் கீழைக் கடற்கரையில் கமரா, பொதுகே, சோபத்மா என்னும் துறைகள் இருந்தன என்றும், மேலைக்கடற்கரை வரை கரையோரமாகவே சென்றுவந்த உள்ளூர்க் கலங்கள் அங்கே நின்றன என்றும் அந்நூல் குறிப்பிடுகிறது. மரங்களைக் குடைந்து ஒன்றோடொன்று பிணைத்த 'சங்கரா' என்னும் கலங்களையும் அது சுட்டுகிறது. சோபத்மா என்பது எயிற்பட்டினமாகிய மரக்காணம் என்று அறிஞர் பலர் கருதுவர். தீவுகளிடையே சிறுகலங்களில் சென்று பழகிய கிரேக்கர்களின் மொழியில் எழுந்த நூலொன்று, நம் கரையோரச் சிறுகலங்களைத் தவறாமல் குறித்துவைத்திருப்பது சிறப்புடையது.

பல்லவர் காலத்தில் மாமல்லபுரம் புகழ்பெற்ற துறைமுகமாகத் திகழ்ந்தது. 'கடல்மல்லை' என்று அதனைப் பாடிய திருமங்கையாழ்வார், செல்வத்தின் சுமையால் தாழ்ந்து நின்ற கலங்களைக் குறிப்பிட்டுள்ளார். பிற்காலத்தில் பாலாற்று முகத்துவாரத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டித் துணிவாணிகம் செய்தனர்.

தெரிந்து தெளிவோம்

தமிழில் வழங்கும் கலப்பெயர்களுட் சில:
கடலில் நெடுந்தொலைவு செல்வன – வங்கம், நாவாய், கலம்
மீன்பிடிக்கப் பயன்படுவன – திமில், கட்டுமரம்
ஆற்றிலும் கழியிலும் செல்வன – அம்பி, பஃறி, ஓடம், தோணி, பரிசல்
மிதந்து கடக்க உதவுவன – புணை, தெப்பம், மிதவை
கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல் ஆங்கிலத்திற்குச் சென்று, இன்று இரட்டை உடல்கொண்ட விரைவுப்படகுகளின் பெயராக உலகெங்கும் வழங்குகிறது.

பஞ்சத்தில் வளர்ந்த கால்வாய்

சோழமண்டலக் கடற்கரையில் இயற்கைத் துறைமுகங்கள் குறைவு. அலைகள் கரையை ஓயாது மோதுவதால், சிறுபடகுகள் கடல்வழியே ஊர்விட்டு ஊர் செல்வது இடர்மிக்கது. ஆனால் கடற்கரைக்குச் சற்று உள்ளே, மணல்மேடுகளுக்குப் பின்னால், கழிகளும் உப்பங்கழிகளும் விட்டுவிட்டு அமைந்துள்ளன. இவற்றை வெட்டி இணைத்தால் அலையில்லாத நீர்வழி ஒன்று கிடைக்கும் என்னும் எண்ணமே பக்கிங்காம் கால்வாயின் தொடக்கம்.

1806ஆம் ஆண்டு, பேசில் காக்ரேன் என்பவரின் முதலீட்டில் சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை முதற்பகுதி வெட்டப்பட்டது. அது காக்ரேன் கால்வாய் என்று அழைக்கப்பட்டது. 1837இல் அரசு அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பின்னர் வடக்கே இன்றைய ஆந்திரத்தின் பெத்தகஞ்சம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் சிறிது சிறிதாக நீட்டப்பட்டது. முழுமைபெற்ற கால்வாயின் நீளம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். இதில் சென்னைக்குத் தெற்கேயுள்ள பகுதி நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியானது.

இக்கால்வாயின் வரலாற்றில் மறக்கக்கூடாத ஆண்டுகள் 1876 முதல் 1878 வரையிலானவை. தாது ஆண்டில் தொடங்கியதால் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிலைத்த கொடும்பஞ்சம் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைத் தாக்கியது. பல இலட்சம் மக்கள் மடிந்தனர். ஊரைவிட்டு வெளியேறியவர்கள் கூலிதேடிச் சென்னையை நோக்கி நடந்தனர். பஞ்ச நிவாரணப் பணிகளுள் ஒன்றாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளத்திற்கு, 1877–78இல் வெட்டப்பட்டது. அதுவரை வடக்கும் தெற்குமாகப் பிரிந்துகிடந்த நீர்வழி அதனால் ஒன்றாயிற்று. அப்போது மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது.

நிவாரணப் பணிகளில் உழைத்தவர்கள் பெற்ற கூலியையும் நாம் அறிதல் வேண்டும். 1877இன் தொடக்கத்தில், பஞ்சப்பணிகளைப் பார்வையிட வந்த ரிச்சர்டு டெம்பிள் என்னும் அதிகாரி, செலவைக் குறைக்கும் நோக்குடன் கூலியைக் குறைத்தார். உழைக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும், அதனுடன் ஓரணாவுமே அக்கூலி. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். மண்வெட்டிச் சுமக்கும் உடலுக்கு இவ்வளவு உணவு போதாது என்று, மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார். பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் நலிந்தவர்களுக்கு அவ்வுயர்வு எட்டவில்லை.

ஒரு கால்வாய்க்கு ஆளுநரின் பெயர் கிடைத்தது. அதன் மண்ணைக் கூடையில் சுமந்து கரையில் கொட்டியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. கால்வாயின் கரைமேடே அவர்களுடைய நினைவுச்சின்னம் எனலாம்.

ஏறுநீரும் இறங்குநீரும்

பக்கிங்காம் கால்வாய் ஆற்றுநீரால் நிறைவதன்று. அதன் நீர் பெரும்பாலும் உப்புநீர். அடையாறு, முட்டுக்காடு, பாலாறு முதலிய முகத்துவாரங்களின் வழியே கடல் உள்ளே வருகிறது. ஓதம் ஏறும்போது கால்வாயின் நீர்மட்டம் உயரும், இறங்கும்போது தாழும். நாளொன்றுக்கு ஏறத்தாழ இருமுறை நிகழும் இந்த ஏற்ற இறக்கத்தை அறிந்தே படகோட்டிகள் புறப்படும் நேரத்தைக் குறித்தனர். ஏறுநீரில் செல்லும் தோணியைத் தள்ளுவது எளிது. இறங்குநீரில் அதே தோணி சேற்றில் தரைதட்டி நின்றுவிடக்கூடும்.

நீர்மட்டம் ஒரே சீராக இல்லாத இடங்களில் மதகுகள் அமைக்கப்பட்டன. இவை ஏரி மதகுகளைப் போன்றவை அல்ல. இருமுனைகளிலும் கதவுகள் கொண்ட நீண்ட தொட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தாழ்வான பக்கத்திலிருந்து வரும் தோணி தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவு அடைக்கப்படும். உயரமான பக்கத்து நீர் சிறுதிறப்புகளின் வழியே தொட்டிக்குள் விடப்படும். நீர் உயர உயரத் தோணியும் உயரும். இருபுறமும் நீர்மட்டம் ஒன்றானதும் முன்கதவு திறக்கும், தோணி வெளியேறும். மனித வலிமையால் தூக்கமுடியாத பாரத்தை நீரே தூக்கிவைக்கும் இவ்வமைப்பு, ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைப் பாடத்தில் படிக்கும் மாணவர்களுக்கு நீரின் ஆற்றலைக் கண்முன் காட்டக்கூடியது.

தோணிகளுக்கு இயந்திரம் கிடையாது. காற்று வாய்த்தால் பாய் விரித்தனர். நீர் ஆழமற்ற இடங்களில் நீண்ட கழியை அடிமண்ணில் ஊன்றித் தள்ளினர். மற்ற இடங்களில் தோணியில் கட்டிய கயிற்றைத் தோளில் இட்டுக் கரைவழியே நடந்து இழுத்தனர். கால்வாயின் கரை இவ்வாறு இழுப்போர் நடப்பதற்கும் பயன்பட்டது.

துறைதோறும் ஏறிய சரக்கு

தெற்குக் கால்வாயில் சென்ற தோணிகள் ஏற்றிய பொருள்கள் எளியவை, ஆனால் இன்றியமையாதவை. மரக்காணம், கேளம்பாக்கம் முதலிய ஊர்களின் உப்பளங்களிலிருந்து உப்பு வந்தது. கடற்கரை மணலில் வளர்க்கப்பட்ட சவுக்குமரங்கள் விறகாகச் சென்னைக்குச் சென்றன. சுண்ணாம்பு சுடுவதற்கான கிளிஞ்சல், நெல், காய்கறி, மீன் ஆகியனவும் தோணியேறின. சமையல் எரிவாயு இல்லாத அக்காலத்தில் சென்னையின் அடுப்புகள் எரிவதற்குக் கால்வாய்வழி வந்த விறகும் உதவியது.

பயணிகளுக்கும் இதுவே வசதியான வழியாக இருந்தது. நல்ல சாலை அமையாத காலத்தில், சென்னையிலிருந்து மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காணச் சென்றவர்கள் பலர் மாலையில் தோணி ஏறினர். இரவு முழுவதும் தோணி மெல்ல நகர, மறுநாள் காலையில் மாமல்லபுரத்திற்கு மேற்கேயுள்ள கால்வாய்த் துறையில் இறங்கினர். அங்கிருந்து ஊருக்கு நடந்து சென்றனர். ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவுக்கு ஓர் இரவு தேவைப்பட்டது. இன்று ஒன்றரை மணி நேரத்தில் பேருந்து செல்லும் தொலைவு அது.

பாவேந்தர் பாரதிதாசன் இக்கால்வாய்வழித் தோணிப்பயணத்தைப் பொருளாகக்கொண்டு 'மாவலிபுரச் செலவு' என்னும் கவிதையைப் படைத்தார். 'செலவு' என்னும் சொல் இங்குப் பயணம் என்னும் பழம்பொருளில் வருகிறது. சங்க இலக்கியத்தில் 'செலவு' இப்பொருளிலேயே பயின்றுவரும். உப்பும் விறகும் சென்ற எளிய நீர்வழி ஒன்று தமிழ்க் கவிதையிலும் இடம்பெற்றது என்பது அதன் பெருமைகளுள் ஒன்று.

இவ்வழியின் சிறப்பு அதன் விரைவில் இல்லை. தோணி துறைதோறும் நின்றது. நிற்கும் இடமெல்லாம் ஒரு சந்தைக்கும் ஓர் உப்பளத்திற்கும் ஒரு சிற்றூருக்கும் வெளியுலகத் தொடர்பு கிடைத்தது. பெருந்துறைமுகம் நாட்டை உலகத்தோடு இணைக்கும். சிறுதுறை ஊரை ஊரோடு இணைக்கும். முன்னது நின்றுபோனால் வணிகர்கள் வருந்துவர். பின்னது நின்றுபோனால் உப்பு விற்கச் செல்பவரும் மருந்து வாங்கச் செல்பவரும் வருந்துவர்.

தோணி ஓய்ந்த வரலாறு

'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்' என்பது நம் பழமொழி. கால்வாயின் வாழ்வில் அது உண்மையாயிற்று. இருப்புப்பாதையும் சாலையும் பெருகியபின் சரக்குகள் மெல்ல மெல்ல அவற்றுக்கு மாறின. சரக்குந்து வீட்டுவாயில் வரை வந்தது. தோணியோ துறையோடு நின்றது. ஓதத்திற்காகக் காத்திருக்கும் பொறுமை வணிகத்திற்கு இல்லாமற்போயிற்று.

1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் கால்வாயின் கரைகளையும் மதகுகளையும் சிதைத்தன. 1976இன் புயல் மேலும் சேதம் விளைவித்தது. வருவாய் குறைந்த வழியைச் செப்பனிடும் ஊக்கமும் குறைந்தது. தூர்வாராத கால்வாயில் தோணி ஓடாது. தோணி ஓடாத கால்வாயைத் தூர்வாரக் கேட்பவரும் இல்லை. இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்த இருகுறைகள் நீர்வழியை அடைத்தன.

நகருக்குள் அதன் நிலை இன்னும் தாழ்ந்தது. கழிவுநீர் அதில் விடப்பட்டது. கரைகள் சுருங்கின. 1990களில் சென்னையில் பறக்கும் தொடர்வண்டிக்கான தூண்கள் கால்வாயின் படுகையிலேயே நாட்டப்பட்டன. ஒரு காலத்தில் மக்களைச் சுமந்த நீர்வழி, மக்களைச் சுமக்கும் மற்றொரு வழிக்கு இடம்கொடுத்துத் தான் ஒடுங்கிற்று.

தோணிகள் ஓய்ந்தபின்னும் கால்வாயின் பணி ஓயவில்லை. தென்சென்னையின் மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகத் தெற்குப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காடு முகத்துவாரத்தில் கடலில் கலக்கிறது. இவ்வழி குறுகினால் வெள்ளம் தெருக்களில் தேங்கும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, கரையேறி வந்த நீரின் ஒரு பகுதியைப் பல இடங்களில் இக்கால்வாய் வாங்கிக்கொண்டது. படகுப்பாதையாக வெட்டப்பட்ட ஒன்று, வடிகாலாகவும் அரணாகவும் விளங்கியது. ஒன்றின் முதற்பயன் தீர்ந்ததும் அதனைப் பயனற்றது என்று ஒதுக்குதல் எத்துணைப் பிழை என்பதை இது கற்பிக்கிறது.

இன்றும் ஓடும் ஓடங்கள்

சாலைகள் பெருகிய இக்காலத்தில் துறைக்குத்துறை செல்லும் ஓடங்களுக்கு இடமில்லை என்று கருதவேண்டா. கிரேக்க நாட்டின் கிரீட் தீவில், தென்கரையை ஒட்டி மலைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. அங்குள்ள லூத்ரோ என்னும் சிற்றூருக்கு இன்றும் சாலை இல்லை. மலைப்பாதையில் நடக்கவேண்டும், அல்லது படகில் வரவேண்டும். ஆயியா ருமேலி, லூத்ரோ, சோரா சுபாக்கியா என ஒரே தீவின் துறைகளை இணைத்துப் படகுகள் செல்கின்றன. சமாரியா மலையிடுக்கில் நாள்முழுதும் நடந்து கடற்கரையை அடைபவர்கள், திரும்பிச் செல்வதற்கு மாலைப் படகையே நம்பியிருக்கின்றனர். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும், ஊரும் காத்திருக்கும்.

இலங்கையின் யாழ்ப்பாணத் தீவுகளிலும் இத்தகைய வாழ்வைக் காணலாம். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்குப் படகுகள் செல்கின்றன. நாகபூசணி அம்மன் கோயிலுக்குச் செல்வோரும், நாக விகாரைக்குச் செல்வோரும் ஒரே படகில் அமர்ந்து செல்கின்றனர். அதே துறையிலிருந்து நெடுந்தீவுக்குச் செல்லும் பயணம் இன்னும் நீண்டது. நெடுந்தீவினருக்குப் படகு என்பது சுற்றுலாவன்று. மருத்துவமனை, கல்லூரி, சந்தை, அலுவலகம் ஆகிய அனைத்தும் படகின் நேரத்தைப் பொறுத்தவை.

நம் அண்டை மாநிலமான கேரளத்தில், ஆலப்புழையைத் தலைமையிடமாகக் கொண்டு 1968 முதல் மாநில நீர்ப்போக்குவரத்துத் துறை இயங்கிவருகிறது. வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே முகம்மா, குமரகம் ஆகிய துறைகளிடையே அதன் படகுகள் செல்கின்றன. பேருந்தைப்போலக் கால அட்டவணையோடு ஓடும் அப்படகுகளில் மாணவர்களும் தொழிலாளர்களும் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். 2023இல் கொச்சியில் மின்கலத்தால் இயங்கும் படகுகளைக்கொண்ட நீர்வழிப் போக்குவரத்து தொடங்கப்பட்டது. அதன் துறைமேடைகள் நீரில் மிதப்பவை. ஓதம் ஏறினாலும் இறங்கினாலும் மேடையும் படகும் ஒரே மட்டத்தில் நிற்பதால், சக்கர நாற்காலியில் வருபவரும் எளிதில் ஏறலாம். படகோட்டியைக் காத்திருக்கவைத்த ஓதத்தைத் தொழில்நுட்பம் வென்றுள்ளது.

தமிழ்நாட்டில் கன்னியாகுமரியிலிருந்து விவேகானந்தர் பாறைக்குப் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம் படகுகளை இயக்குகிறது. முட்டுக்காட்டிலும் முதலியார்குப்பத்திலும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறைகள் உள்ளன. அங்கு ஏறுபவர் ஏறிய துறையிலேயே இறங்குகிறார். ஊரை ஊரோடு இணைத்த பழைய நீர்வழியின் அருகிலேயே, படகு இன்று பொழுதுபோக்காக மட்டும் எஞ்சியுள்ளது.

மீட்க வேண்டியது எது?

2008ஆம் ஆண்டு நான்காம் தேசிய நீர்வழி அறிவிக்கப்பட்டபோது, பக்கிங்காம் கால்வாயும் அதன் பகுதியாக இடம்பெற்றது. ஒரு லிட்டர் எரிபொருளைக்கொண்டு சாலையில் இழுக்கும் பாரத்தைவிட நீரில் மிகுதியான பாரத்தை நகர்த்தலாம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட உண்மை. ஆதலால் நீர்வழிகளை மீட்கும் எண்ணம் வரவேற்கத்தக்கது. ஆயினும் எல்லா இடங்களிலும் பழைய தோணி திரும்பிவிடும் என்று எதிர்பார்த்தல் இயலாது. தாழ்வான பாலங்களும், குறுகிய படுகையும், மாறிவிட்ட வாணிகமும் அதற்குத் தடையாக உள்ளன.

தோணி திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் கால்வாய் தூய்மையாக இருத்தல் வேண்டும். அகலம் குறையாமல், கழிவு கலவாமல், முகத்துவாரங்கள் மணலால் மூடப்படாமல் இருந்தால், அது வெள்ளத்தை வடிக்கும், மீன்வளத்தைக் காக்கும், பொருத்தமான பகுதிகளில் படகையும் தாங்கும். தூய நீர் முதலில், தோணி அதன்பின். இவ்வரிசையை மாற்றினால் இரண்டும் கைகூடா.

பஞ்சத்தில் வாடிய மக்கள், அரைவயிற்றுக் கூலிக்கு வெட்டிய நீர்வழி இது. அவர்கள் நமக்கு விட்டுச்சென்ற பொதுச்சொத்து என்னும் உணர்வோடு அதனைப் பேணுதல் நம் கடமையாகும். தம் ஊரில் ஓடும் கால்வாயின் பெயரையும், அது எங்குத் தொடங்கி எங்கு முடிகிறது என்பதையும் அறிந்த மாணவர், அதில் குப்பையைக் கொட்டத் துணியமாட்டார். அறிதலே காத்தலின் முதற்படி.

சொல்லும் பொருளும்

ஓதம் – கடல்நீரின் ஏற்ற இறக்கம்
முகத்துவாரம் – ஆறு கடலில் கலக்கும் இடம்
பஃறி – சிறுபடகு
செலவு – பயணம்
மடுவு – நீர்நிலை, பள்ளம்
கிளிஞ்சல் – சிப்பி ஓடு

இலக்கணக் குறிப்பு

ஏறுநீர், இறங்குநீர் – வினைத்தொகைகள்
உப்பும் நெல்லும் – எண்ணும்மை
ஓடாத கால்வாய் – எதிர்மறைப் பெயரெச்சம்
சிறுபடகு – பண்புத்தொகை

பகுபத உறுப்பிலக்கணம்

இழுத்தனர் – இழு + த் + த் + அன் + அர்
இழு – பகுதி
த் – சந்தி
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆறு, கால்வாய், ஏரி ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, முன்பு அதன்வழியே படகு சென்றதா என்பதை முதியோரிடம் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.

2. 'துறை' என முடியும் ஊர்ப்பெயர்களைத் தொகுத்து, தமிழ்நாட்டு வரைபடத்தில் குறிக்க. அவற்றுள் எத்தனை ஊர்கள் நீர்நிலைக்கு அருகில் அமைந்துள்ளன என்பதைக் கண்டறிக.

3. 'நகரின் நீர்வழிகளைக் காக்க முதலில் செய்யவேண்டியது சட்டமா, மக்களின் விழிப்புணர்வா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. உப்புக்கு மாற்றாக நெல் பெற்றுவந்த பஃறியைக் குறிப்பிடும் நூல்
அ) பெரும்பாணாற்றுப்படை ஆ) பட்டினப்பாலை இ) நெடுநல்வாடை ஈ) முல்லைப்பாட்டு

2. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப்பகுதி வெட்டப்பட்ட காலம்
அ) 1806 ஆ) 1837 இ) 1877–78 ஈ) 1965–66

குறுவினா

1. 'செலவு' என்னும் சொல்லின் பழம்பொருளைச் சான்றுடன் எழுதுக.
2. தெற்குக் கால்வாயில் தோணிகள் ஏற்றிச்சென்ற பொருள்கள் யாவை?

சிறுவினா

1. இருமுனைகளிலும் கதவுகள் கொண்ட மதகு இயங்கும் முறையை விளக்குக.
2. தோணிகள் ஓய்ந்தபின்னும் பக்கிங்காம் கால்வாய் ஆற்றிவரும் பணிகளைக் குறிப்பிடுக.

நெடுவினா

'பெருந்துறைமுகம் நாட்டை உலகத்தோடு இணைக்கும். சிறுதுறை ஊரை ஊரோடு இணைக்கும்' – இக்கூற்றைப் பக்கிங்காம் கால்வாயின் வரலாற்றையும், பிற நாடுகளில் இன்றும் ஓடும் படகுகளையும் கொண்டு நிறுவுக.